காலி நாற்காலியும் காத்திருக்கும் கட்டும்



வழக்குகள் இழுத்தடிக்கப்படுவதற்குக் காரணம் வாய்தா கேட்கும் வக்கீல்கள்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த மாவட்ட முன்சீப் கோர்ட்டிலும் காலை பத்தரை மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். பெஞ்ச் கிளார்க் ஒவ்வொரு வழக்காகக் கூப்பிடுவார். எதிருரைக்கு, சாட்சிக்கு, வாதத்துக்கு என்று தேதிகள் விழும். ஜூனியர்கள் டைரியில் குறித்துக்கொண்டு நகர்வார்கள். பட்டியல் முழுவதையும் விசாரிக்க அந்த ஒரு நீதிபதிக்கு அன்றைய பொழுது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாய்தா கேட்காதவருக்கும் வாய்தாதான்.

2002-இல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள் உரிமையியல் வழக்கில் எதிருரைக்கு அதிகபட்சம் 90 நாள், வாய்தாவுக்கு மூன்று முறை என்று வரம்பு கட்டின. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தங்களை ஏற்றது. ஆனால், விதிவிலக்கான சூழலில் வரம்பைத் தளர்த்தலாம் என்றது. எப்படியும், எதிருரை சீக்கிரம் வந்துவிட்டால் மட்டும் விசாரணைக்கு நாள் கிடைத்துவிடாது. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் பரிந்துரைத்தது 1987-இல். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களை மட்டும் எண்ணினாலும் இன்னும் அதில் பாதியை எட்டவில்லை.

நீதிமன்றச் சுமையைக் குறைக்கத் தீர்ப்பாயங்கள் வந்தன. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941 முதலே இயங்குகிறது. 1976-இன் 42-ஆவது திருத்தம் இவற்றுக்கு அரசமைப்பில் இடம் தந்தது. 1985-இல் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் பிறந்தது. 1997-இல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வு அதிகாரத்தைப் பறிக்க முடியாது என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றாக எண்ணப்பட்ட தீர்ப்பாயம், அதற்குக் கீழே இன்னொரு படியாக அமைந்தது.

தீர்ப்பாயத்தின் நாற்காலி காலியானால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் உண்டு. அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2003-இல் இங்கே தலைமையகத்தோடு தொடங்கியது. 2016-இல் தலைவர் ஓய்வுபெற்றார். அடுத்தவர் வர 2018 ஆனது. ஒரு காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டு. அதை ரத்து செய்யக் கோரும் மனு வாரியத்தின் அலமாரியில் கிடக்கும்போதும் அந்த ஆயுள் கரைந்துகொண்டே இருக்கும். வழக்கில் வெல்பவருக்கும் மிஞ்சுவது கொஞ்சம்தான். 2021-இல் வாரியமே கலைக்கப்பட்டது. வழக்குக் கட்டுகள் உயர் நீதிமன்றங்களுக்குத் திரும்பின.

நாற்காலி ஏன் காலியாகிறது? இதற்கான விடையைச் சென்னை வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்குகளில் தேடலாம். அந்தச் சங்கம் திரும்பத் திரும்ப உச்ச நீதிமன்றம் ஏறியது. 2014-இல் தேசிய வரித் தீர்ப்பாயச் சட்டம் செல்லாதென்றானது. உறுப்பினர் பதவிக்கு நான்கே ஆண்டு, குறைந்தபட்ச வயது 50 என்ற விதிகள் 2021 ஜூலையில் விழுந்தன; ஆகஸ்டில் புதிய சட்டமாக எழுந்தன; 2025 நவம்பரில் மறுபடி விழுந்தன.

இதை நீதித்துறைச் சுதந்திரத்துக்கான போராட்டம் என்று மட்டும் படிக்கிறோம். தாமதத்தின் கதையும் இதுவே. நான்கு ஆண்டுக்காக ஓடும் பிராக்டிஸை விட்டுவிட்டு நாற்பத்தைந்து வயது வக்கீல் வரமாட்டார். வர விரும்பினாலும் அந்த வயது வரம்பு தடுத்தது. துறையைக் கற்றுத் தேர்வதற்குள் உறுப்பினரின் காலம் முடிந்துவிடும். பதவிக்காலம் குறையக் குறைய நியமனங்கள் கூடும். ஒவ்வொரு நியமனத்துக்கும் தேர்வுக்குழு, பரிந்துரை, ஒப்புதல் என்று மாதங்கள் ஓடும். அந்த நியமனமும், பெரும்பாலும் எதிரே வழக்காடும் அரசின் கையில்தான் இருக்கிறது. ஆகவே தீர்ப்பாயத்தின் சுதந்திரம் வேறு, வேகம் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

நியமிக்கப்படும் நாளிலேயே ஓய்வுபெறும் நாளும் தெரிந்துவிடுகிறது. அதற்கு முன்பே அடுத்தவரைத் தேர்ந்து முடிக்கும் கடமை, அமைச்சகங்களுக்கு வெளியே நிற்கும் ஒரு தேசியத் தீர்ப்பாய ஆணையத்துக்கு வேண்டும். இளம் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: தேசிய நீதித்துறைத் தரவுத் தளம் நிலுவை வழக்குகளை எண்ணுகிறது. நீங்கள் ஒவ்வொரு தீர்ப்பாயத்திலும் நாற்காலி காலியாக இருந்த நாட்களை எண்ணுங்கள். இரண்டு எண்களையும் அருகருகே அச்சிட்டால், வாய்தா வாங்கியவர்களில் அரசுக்கு எந்த இடம் என்பது தெரியவரும்.