வாயில்லா ஜீவனுக்கும் மூச்சுதான் உயிர்
(எண்ணூர் பகுதி குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன் பேசுற கூட்டத்துல நாய், பூனையைப் பத்திப் பேச வந்துட்டாளேன்னு நினைக்காதீங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரியை நாம மறக்க முடியுமா? உரத் தொழிற்சாலைக்கு அமோனியா வரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க நடுராத்திரியில கண் எரிய, மூச்சுத் திணற ஓடினோம். பிள்ளைகளைத் தூக்கினேன். வாசலில் கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட எனக்குத் தோணவே இல்லை. திரும்பி வந்து பார்த்தா, கழுத்தை நீட்டிக்கிட்டு, வயிறு எக்கி எக்கி இளைச்சுக்கிட்டு நிக்குது. தெய்வாதீனமா பிழைச்சுது. ஆனா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியலை. பிறகு கால்நடை மருத்துவர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இன்னைக்குச் சொல்றேன்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்க. நிமிஷத்துக்கு 30-க்குள் இருந்தால் பயமில்லை. 40-ஐத் தாண்டி அப்படியே இருந்தால் டாக்டரிடம் காட்டணும். வெயிலில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது இயல்பு. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. முன்னங்கால்களை அகட்டி உட்கார்வது, படுக்க மறுப்பது, ஈறும் நாக்கும் நீலமாகவோ வெளுத்தோ போவது, மயங்கி விழுவது - இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் காலையில பார்க்கலாம்னு விடக்கூடாது.

உடனே என்ன செய்யணும்?

கட்டையும் கழுத்துப் பட்டையையும் அவிழ்த்துடுங்க. புகை, வாயு இருந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக வெளியே கொண்டு போங்க. கண் எரிஞ்சா சுத்தமான தண்ணீரால் கழுவுங்க. வெயில் தாக்கியிருந்தால் நிழலில் போட்டு, சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைச்சு விசிறுங்க. சுத்தி கூட்டம் போடாதீங்க. பயந்தால் மூச்சு இன்னும் வாங்கும்.

மீன் முள்ளோ எலும்போ சிக்கினால் வாயைத் திறந்து பாருங்க. தெரிஞ்சு, தளர்வா இருந்தா மட்டும் எடுங்க. குத்திக்கிட்டு இருந்தா இழுக்காதீங்க. மூச்சே போகலைன்னா, சின்ன பிராணியைப் பின்னங்கால் தொடையைப் பிடிச்சு தலைகீழாத் தூக்குங்க. பெரிய நாய்க்கு விலா எலும்புக்குக் கீழே, மேல்நோக்கி அழுத்துங்க. வளர்த்த நாயும் வலியில் கடிக்கும். கடிச்சா சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போடணும்.

செய்யக்கூடாதது என்ன?

மூச்சு வாங்கும்போது பாலோ, தண்ணியோ, எண்ணெயோ ஊத்தாதீங்க; நுரையீரலுக்குள் போயிடும். நம்ம காய்ச்சல் மாத்திரை பாரசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரே மாத்திரை போதும், ரத்தம் பழுப்பாகி மூச்சு திணறிச் செத்துப்போகும்.

கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அருகில் உள்ள கால்நடை மருத்துவர் அல்லது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, எதுவானாலும் முதல்ல போன் பண்ணிட்டு, ஆட்டோவில் படுக்கப் போட்டு அமுக்காமல், அதுக்கு வசதியா இருக்கும்படி கொண்டு போங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். டாக்டர் நம்பரையும் ஆட்டோ நம்பரையும் இன்னைக்கே தீர்மானப் புத்தகத்துல எழுதி வைப்போம். தெருவுக்கு ரெண்டு பேர் பொறுப்பு எடுத்துக்குவோம். இன்னொரு ராத்திரி ஓட வேண்டி வந்தா, வாசலில் கட்டியிருக்கிறதை அவிழ்த்து விட்டுட்டு ஓடணும். அதுக்குத் தானா அவிழ்த்துக்கத் தெரியாது.