பிள்ளை போனால் பணமும் போகும்: நார்மண்டி பள்ளி மாவட்டத்தின் கணக்கு

(மாணவர் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வி பற்றிக் கூட்டம் போட்டால் பாடத்திட்டம் பற்றிப் பேசுவோம், பயிற்றுமொழி பற்றிப் பேசுவோம், வாத்தியார் வருகிறாரா வரவில்லையா என்று பேசுவோம். வரவு செலவுக் கணக்கைத் தொடுவதில்லை. அது ஏதோ கணக்கப்பிள்ளை சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். எனக்குக் கொடுத்திருக்கிற நேரத்தில் அதை மட்டும்தான் பேசப் போகிறேன். அதுவும் நம் ஊர்க் கணக்கு அல்ல. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரத்தை ஒட்டிய நார்மண்டி என்கிற புறநகர்ப் பள்ளி மாவட்டத்தின் கணக்கு.

மைக்கேல் பிரவுன் பெயர் உங்களுக்குத் தெரியும். 2014 ஆகஸ்ட் 9 அன்று ஃபெர்குசன் தெருவில் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட 18 வயதுக் கறுப்பு இளைஞர். சில நாட்களுக்கு முன்புதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார். அவர் படித்தது நார்மண்டி உயர்நிலைப் பள்ளியில். தோட்டாவைப் பற்றி உலகமே பேசியது. பள்ளியைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமக்கு மாவட்டம் என்றால் கலெக்டர் ஆபீஸ். அங்கே பள்ளி மாவட்டம் என்பது தனி ஆட்சி. அதற்குத் தனி எல்லை, தனி வாரியம், தனி வரி. எல்லைக்கு உள்ளே இருக்கிற வீடு, கடை, நிலம் எல்லாவற்றின் மேலும் சொத்து வரி போட்டு, அந்தப் பணத்தோடு மாநில அரசும் மத்திய அரசும் தருவதைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். எல்லைக்கு வெளியே இருக்கிற பிள்ளைக்குப் பொதுவாக இடம் கிடையாது. எல்லைக்கோடு என்றால் என்ன என்று இந்த அரங்கத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இப்ப கணக்கு போட்டுப் பாருங்க. மிசூரியில் குடியிருக்கும் வீட்டின் சந்தை விலையில் 19 சதவீதத்தைத்தான் வரிக்குரிய மதிப்பாக எடுப்பார்கள். அதில் நூறு டாலருக்கு இவ்வளவு என்று வரி. ஒரு பேச்சுக்கு, ஏழைப் பகுதியில் 50,000 டாலர் வீடு. வரிக்குரிய மதிப்பு 9,500. நூற்றுக்கு ஐந்து டாலர் என்று கடுமையாக வரி போட்டாலும் வருவது 475 டாலர். பணக்காரப் பகுதியில் 5 லட்சம் டாலர் வீடு. மதிப்பு 95,000. நூற்றுக்கு மூன்றே டாலர் என்று மென்மையாகப் போட்டாலும் 2,850 டாலர் வந்துவிடும். இவனுக்குச் சுமை அதிகம், வரவு குறைவு. அவனுக்குச் சுமை குறைவு, வரவு ஆறு மடங்கு. நார்மண்டிக்காரர்கள் வரி கட்டாமல் ஏய்த்ததால் பள்ளி கெட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செயின்ட் லூயிஸ் கவுண்டியில் அதிக விகிதத்தில் பள்ளி வரி போட்டுக்கொண்ட மாவட்டங்களில் அதுவும் ஒன்று.

இது நியாயமா என்று கோர்ட்டுக்குப் போனவர்கள் உண்டு. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தின் எட்ஜ்வுட் பகுதி. விமானப் படைத் தளத்தில் தகடு வேலை பார்த்த டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளியும் அக்கம்பக்கத்துப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். எட்ஜ்வுட் நூற்றுக்கு 1.05 டாலர் வரி போட்டும் ஒரு பிள்ளைக்குத் தன் பங்காகத் திரட்ட முடிந்தது 26 டாலர். அதே ஊரில் வெள்ளையர் வசித்த அலமோ ஹைட்ஸ் 0.85 டாலர் வரி போட்டு 333 டாலர் திரட்டியது. வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிற எண்கள் இவை. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது: கல்வி அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை அல்ல, இந்த வரி முறை செல்லும். அடுத்த வருஷம், 1974இல், டெட்ராய்ட் வழக்கில் மறுபடி ஐந்துக்கு நான்கு. புறநகர் மாவட்டங்கள் தாங்களே பாகுபாடு செய்தார்கள் என்று நிரூபிக்காமல், நகரத்துக் கறுப்புப் பிள்ளைகளையும் புறநகர் வெள்ளைப் பிள்ளைகளையும் எல்லை தாண்டிச் சேர்த்துப் படிக்கவைக்க முடியாது என்றார்கள். முதல் தீர்ப்பு பணத்துக்குப் பூட்டு. இரண்டாவது எல்லைக்குப் பூட்டு.

அந்த எல்லைக்குள் யார் யார் இருக்க வேண்டும் என்பதும் தானாக நடந்தது அல்ல. கறுப்பர்களுக்கு விற்க மாட்டோம் என்று வீட்டுப் பத்திரத்திலேயே எழுதிவைத்த ஊர் செயின்ட் லூயிஸ். அந்தப் பத்திர நிபந்தனையைக் கோர்ட் மூலம் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்த ஊர் வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் பிறந்ததுதான். பத்திரம் போனது, நகராட்சி வந்தது. 1970இல் பிளாக் ஜாக் என்ற பகுதியில், எல்லா இனத்தாரும் குடிவரக்கூடிய அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே இருந்தவர்கள் அவசர அவசரமாகத் தங்களைத் தனி நகராட்சியாகப் பதிவு செய்து, அடுக்குமாடியே கட்டக் கூடாது என்று விதி போட்டார்கள். அந்த விதியைக் கோர்ட் 1974இல் ரத்து செய்தது. ஒரு கட்டடத்தைத் தடுக்க ஒரு நகராட்சியையே உண்டாக்குவது, யோசிச்சுப் பாருங்க, என்ன ஒரு சுறுசுறுப்பு! நார்மண்டி பள்ளி மாவட்டத்துக்குள் மட்டும் இப்படி 24 குட்டி நகராட்சிகள் முழுசாகவோ பகுதியாகவோ அடங்கியிருந்தன. கறுப்பர்கள் குடிவந்தார்கள், வெள்ளையர்கள் வெளியேறினார்கள், வீட்டு விலை விழுந்தது, வரி வரவும் விழுந்தது.

இனி மதிப்பெண்ணுக்கு வருகிறேன். மாநிலக் கல்வி வாரியம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆண்டுதோறும் மதிப்பெண் போடும். தேர்வு முடிவு, எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் ஒழுங்காக வந்தார்கள் என்று அதில் அப்போது பல கூறுகள் இருந்தன. வருகை என்கிற கூறைக் கவனியுங்கள். மிசூரியில் மாநில அரசு கொடுத்த பணமும் அப்போது சராசரி வருகையை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுகிற குடும்பத்துப் பிள்ளை பல நாள் வரவில்லை என்றால், மதிப்பெண்ணும் குறைந்தது, பணமும் குறைந்தது. ஒரே வறுமைக்கு இரண்டு முறை அபராதம்.

மாநில உதவியும் மத்திய உதவியும் சேரும்போது ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவு என்கிற கட்டம் அவ்வளவு மோசமாகத் தெரியாது. இதைக் காட்டித்தான் ‘பணம் கொட்டியும் இவங்க தேறல’ என்கிறார்கள். நம் பக்கத்து நண்பர்கள் சிலர் இதற்குப் பதில் சொல்லத் திணறுகிறார்கள். பணம் மட்டும் கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நானும் சொல்ல மாட்டேன். மிகப் பெரும்பாலான பிள்ளைகள் இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைகளாக இருக்கிற ஒரு பள்ளியும், அப்படி ஒரு சிலரே இருக்கிற பள்ளியும் ஒரே டாலரில் ஒரே பொருளை வாங்குவதில்லை. ஏழைகளை எல்லாம் ஒரே கோட்டுக்குள் அடைத்துவிட்டு அந்தக் கோட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இதுதான் என் வாதம்.

அடைத்தவர்கள் யார் என்பதற்கு வெல்ஸ்டன் ஒரு சாட்சி. நார்மண்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மாவட்டம், ஏறக்குறைய முழுக்கக் கறுப்புப் பிள்ளைகள். தேறாது என்று மாநிலமே அதை 2010இல் கலைத்தது. அந்தப் பிள்ளைகளை எங்கே சேர்த்தார்கள்? சில மைல் தூரத்தில், அந்த வட்டாரத்தின் செல்வம் நிறைந்த கிளேட்டன் மாவட்டம் இருந்தது. அங்கே அல்ல. தானே தள்ளாடிக்கொண்டிருந்த நார்மண்டியில் சேர்த்தார்கள். இரண்டரை வருஷம் கழித்து, 2013 ஜனவரி 1 முதல், நார்மண்டிக்கும் அங்கீகாரம் இல்லை என்று அதே மாநிலம் அறிவித்தது.

இங்கேதான் கதை திரும்புகிறது. அங்கீகாரம் இழந்த மாவட்டத்துப் பிள்ளைகள் அதே கவுண்டியிலோ அடுத்த கவுண்டியிலோ உள்ள வேறு மாவட்டத்துக்குப் போய்ப் படிக்கலாம், கட்டணத்தைச் சொந்த மாவட்டம் கட்ட வேண்டும் என்று 1993இல் மிசூரி ஒரு சட்டம் போட்டிருந்தது. ஏட்டிலே கிடந்த அந்தச் சட்டம் செல்லும் என்று 2013 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏதாவது ஒரு மாவட்டத்துக்குப் பஸ் விட வேண்டும் என்பதால் நார்மண்டி, ஃபிரான்சிஸ் ஹோவெல் என்ற பெரும்பாலும் வெள்ளையர் வாழும் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. மிசூரி ஆற்றைக் கடந்து இருபது மைலுக்கு மேல் போக வேண்டும். அப்படியும் நார்மண்டியின் நாலாயிரம் சொச்சம் பிள்ளைகளில் சுமார் ஆயிரம் பேர் பல மாவட்டங்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஹோவெலுக்கு மட்டும் நானூறுக்கு மேல். விடியும் முன் எழுந்து பஸ் ஏறினார்கள். இந்தப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று இனி யாரும் வாயைத் திறக்க முடியாது.

ஹோவெலில் அந்த ஜூலையில் கூட்டம் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் பெற்றோர் திரண்டார்கள். மெட்டல் டிடெக்டர் வைப்பீர்களா, போதை மருந்து மோப்ப நாய் வருமா, எங்கள் பள்ளி மதிப்பெண் விழுந்துவிடுமே என்று மைக்கில் கேட்டார்கள். இது இனப் பிரச்சினை இல்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள். கூட்டத்தில் நார்மண்டித் தாய்மார்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

பணத்தைப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு என்பது சேர்த்துக்கொள்கிற மாவட்டத்தின் செலவுக் கணக்குப்படி. ஹோவெலுக்கு ஒரு பிள்ளைக்குச் சுமார் 11,000 டாலர், கிளேட்டனுக்கு ஏறக்குறைய 20,000. சராசரியாகப் பத்தாயிரம் என்றே வைத்தாலும் ஆயிரம் பிள்ளைக்கு ஒரு கோடி டாலர் நார்மண்டியின் பெட்டியிலிருந்து வெளியே போகிறது. உள்ளே செலவு குறையுமா? 24 பிள்ளை இருந்த வகுப்பில் ஆறு பேர் போய்விட்டார்கள். வாத்தியாரை முக்கால் வாத்தியார் ஆக்க முடியுமா? பஸ் அதே தெருவில்தான் ஓட வேண்டும், கூரை அதே கூரைதான். அங்கேயோ, ஏற்கெனவே நடக்கிற வகுப்பில் இரண்டு நாற்காலி கூடுதல், வருவது முழுக் கட்டணம். ஏழை மாவட்டம் பணக்கார மாவட்டத்துக்கு மானியம் கொடுத்தது. அந்த வருஷ நடுவிலேயே நார்மண்டி ஒரு தொடக்கப் பள்ளியை மூடி, நூறு பேருக்கு மேல் ஊழியர்களை வேலையிலிருந்து எடுத்தது. மாநிலம் அவசரப் பணம் ஒதுக்கித்தான் வருஷத்தை முடிக்க முடிந்தது. 2014இல் நார்மண்டி வாங்கிய மதிப்பெண் 140க்கு 10. போகாமல் தங்கிய மூவாயிரம் பிள்ளைகள் எழுதிய தேர்வு அது. மைக்கேல் பிரவுனின் கடைசிப் பள்ளி ஆண்டும் அதுவே.

மாநிலம் என்ன செய்தது தெரியுமா? 2014 ஜூலை 1 அன்று நார்மண்டி பள்ளி மாவட்டத்தைக் கலைத்து, தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியத்தை அனுப்பிவிட்டு, தான் நியமித்த ஆட்களை வைத்து ‘நார்மண்டி பள்ளிகள் கூட்டமைப்பு’ என்று புதுப் பெயர் வைத்தது. அதே கட்டடம், அதே பிள்ளைகள். ஆனால் இது புது அமைப்பு, அங்கீகாரம் உள்ளது இல்லாதது என்கிற பேச்சே இதற்குப் பொருந்தாது என்றார்கள். அங்கீகாரம் இழந்த மாவட்டம் என்று ஒன்று இல்லாவிட்டால் மாறிப்போகும் உரிமையும் இல்லை அல்லவா? ஹோவெல் உடனே கதவைச் சாத்தியது. ஒரு பெயர்ப்பலகை மாற்றத்தில் ஒரு உரிமையை அழித்த வித்தையை நான் வேறெங்கும் இவ்வளவு அப்பட்டமாகப் பார்த்ததில்லை. பணம் திவாலானதுதான் அவர்கள் சொன்ன காரணம். திவாலாக்கியது அவர்கள் போட்ட சட்டம்.

பெற்றோர்கள் மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள். ஆகஸ்டில், மைக்கேல் பிரவுன் கொல்லப்பட்ட அடுத்த வாரத்தில், வழக்குப் போட்டவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள நீதிபதி உத்தரவிட்டார். பெயர் மாறினாலும் இது அங்கீகாரம் இழந்த மாவட்டம்தான் என்று 2015இல் அவரே தீர்ப்பும் கொடுத்தார். 2017 டிசம்பரில் மாநிலம் நார்மண்டிக்குத் தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது. ஆசிரியர்களும் பிள்ளைகளும் உழைத்து மதிப்பெண்ணை ஏற்றியிருந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கீகாரம் வந்ததும் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியே போகிற உரிமையும் கூடவே முடிந்தது. மாவட்ட எல்லை, 2010இல் வெல்ஸ்டனைச் சேர்த்தபோது எங்கே போட்டார்களோ அங்கேயே இருந்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.