கல்லில் நின்ற காலம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவன் நான். வான நூலைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று தாங்கள் கேட்கலாம். நாள்தோறும் காலத்தோடு மல்லுக்கு நிற்கும் தொழில் எங்களுடையது. அந்த ஒன்றே என் தகுதி. ரயில்வே விதிப்படி ஒவ்வொரு நாளும் 16 மணிக்கு முக்கிய ஸ்டேஷன்களுக்கெல்லாம் சரியான நேரம் அறிவிக்கப்பட வேண்டும். அந்த நேரம் எங்கிருந்து பிறந்தது என்ற கேள்விதான், நாம் வாழும் இந்த ஜெய்ப்பூரின் ஜந்தர் மந்தருக்கு என்னை இழுத்துச் சென்றது.

1727இல் இந்நகரை அமைத்த சவாய் ஜெய்சிங் மன்னர் சிறந்த கணித அறிஞர். தில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய ஐந்து ஊர்களில் அவர் வான் ஆய்வுக்கூடங்களை எழுப்பினார். பித்தளைக் கருவிகள் சிறியவை. அவற்றின் அச்சுத் தேயும், அளவு பிறழும். ஆகவே அசையாத கல்லிலும் சுண்ணாம்பிலும் பெருங்கருவிகளைக் கட்டுவித்தார். தம்மிடம் இருந்ததே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. போர்த்துகல் நாட்டிற்குத் தூதுக்குழுவை அனுப்பி ஐரோப்பியரின் அட்டவணைகளை வரவழைத்தார். அவற்றில் சந்திரனின் நிலை அரைப் பாகை பிசகியிருப்பதையும் கண்டுகொண்டார். அவருடைய அவையில் இருந்த ஜகந்நாத பண்டிதர் கிரேக்கரின் வான நூலை அரபு மொழி வழியாக வடமொழிக்குக் கொண்டுவந்தார். அறிவுக்கு மொழியும் மதமும் வேலியாக அந்த அரசர் விடவில்லை.

சென்ற தை மாதக் கடைசி ஞாயிறன்று காலனிக் குழந்தைகளை அங்கே அழைத்துச் சென்றோம். பன்னிரண்டு ராசிகளுக்கும் தனித்தனியே அமைந்த கருவிகளின் முன் தத்தம் ராசியைத் தேடி அவர்கள் ஓடிய ஓட்டத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்! நான் நின்றதோ சாம்ராட் யந்திரத்தின் எதிரில். ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள அதன் சாய்ந்த சுவர், வட துருவத்தை நோக்கி 27 பாகை சாய்வில் ஏறுகிறது. இவ்வூரின் அட்சரேகையும் அதுவே. இரு பக்கமும் விரிந்த வளைவுகளில் அச்சுவரின் நிழல் நகர்கிறது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். நிமிடத்திற்கு நான்கு விரற்கடையளவு. காலம் நகர்வதைக் கண்ணால் காணலாம் என்பது அங்கே வெறும் உபசார வார்த்தையன்று. இரண்டு நொடி வரை கணிக்கும் அளவுக் கோடுகள் அதில் உண்டு. ஆனால் சூரியன் புள்ளியன்று, வட்டம். ஆதலால் நிழலின் ஓரம் மங்கலாகவே விழும். அதைக் கூர்ந்து படிக்கப் பழகிய கண் வேண்டும்.

அப்போது ஒரு சிறுமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, நாற்பது நிமிஷம் வித்தியாசம் இருக்கிறதே! கல் தப்பா, கடிகாரம் தப்பா?” என்று கேட்டாள்.

இரண்டுமே தப்பில்லை. நம் கடிகாரங்கள் காட்டுவது 82½ பாகை தீர்க்கரேகையின் நேரம். ஜெய்ப்பூர் அதற்கு ஏறத்தாழ ஆறே முக்கால் பாகை மேற்கில் இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடமாக 27 நிமிடம் ஆயிற்று. அன்றியும், பூமியின் பாதை சரியான வட்டமன்று; அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. ஆகவே நிழற்கடிகாரம் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும். கல் சொல்வது இந்த மண்ணின் நேரம். கடிகாரம் சொல்வது நாட்டின் நேரம்.

ஒரு காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் நேரத்தையே வைத்திருந்தது. ரயில் வந்த பின் அது இயலாமற் போயிற்று. அப்போது நாடெங்கும் ரயில்கள் எந்த நேரப்படி ஓடின தெரியுமா? நம் சென்னையின் நேரப்படி! சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வான் ஆய்வுக்கூடத்தில், 1802இல் கோல்டிங்ஹாம் என்பவர் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்திய அந்நேரம், பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாய் இருந்தமையால் ரயில்வேக்கு ஏற்றதாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரக் கணக்கு இந்தியா முழுவதற்கும் வந்தது. அதன் பின்னும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தத்தம் நேரத்தை விடாமல் வைத்திருந்தன.

ஊர் நேரம், நாட்டு நேரம் என்ற இரண்டையும் அறிந்தவர்கள் புலம்பெயர்ந்து வாழும் நாம். அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் இவ்வூர் மொழி பேசுகிறோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆனால் ஒன்றை மறந்தால் மீளப் பெறுதல் அரிது.

இதற்கும் ஜெய்சிங்கின் வாழ்வே சான்று. 1743இல் அவர் மறைந்தார். அவருடைய ஆராய்ச்சியை அதே ஊக்கத்தோடு தொடர்வார் இல்லை. மதுராவில் இருந்த ஆய்வுக்கூடம் 1857க்கு முன்னரே இடிக்கப்பட்டு, இன்று சுவடின்றிப் போயிற்று. ஜெய்ப்பூரில் உள்ளது 1901இல் செப்பனிடப்பட்டது. 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கல் நிலைத்தது, கருவிகளைக் கையாளும் பழக்கம் அறுந்தது. கட்டடம் எழுப்புவது எளிது, ஆள் தயாரிப்பதே அரிது என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம் சங்கத்திற்கும் கட்டடம் இருக்கிறது. அலமாரி நிறையப் புத்தகமும் இருக்கிறது. ஞாயிறு தமிழ் வகுப்பிற்கு வரும் குழந்தைகளோ ஆண்டுதோறும் குறைகிறார்கள். சென்னை ஆய்வுக்கூடத்தின் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. அதில் பொறித்த மொழிகளுள் தமிழும் ஒன்று. விடுமுறையில் சென்னை செல்லும் நம் பிள்ளைகள் அத்தூணின் முன் நின்று, அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமல் திரும்பலாமா?

பெற்றோர்களே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம். ஞாயிறு காலை பத்து மணிக்குக் குழந்தைகளை அனுப்புங்கள். எந்த நேரப்படி என்று கேட்பீர்களானால், இந்திய நேரப்படியே வரலாம். கல்லின் நேரப்படி வந்தால் வகுப்புப் பாதி முடிந்திருக்கும்!