ஒளியால் ஒரு பதில்



புற்றுநோய் வார்டில் ஜெபிக்கப் போகும்போது நாங்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "ஐயா, இந்த மருந்து வேலை செய்யுதா?" முடி கொட்டி, வாந்தியால் சோர்ந்து, பல வாரங்கள் கழித்தே ஸ்கேனில் பதில் கிடைக்கிறது.

அந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒளி உதவக்கூடும். விரல் நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் அதை இழந்த இரத்தமும் ஒளியை வெவ்வேறு விதமாய் உறிஞ்சுகின்றன. அதை வைத்தே அக்கருவி கணக்கிடுகிறது. அதே முறையில், அகச்சிவப்பு ஒளியை மார்பின்மேல் செலுத்தி, கட்டிக்குள் உள்ள இரத்தத்தையும் நீரையும் அளக்கலாம். ஊசியில்லை, கத்தியில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் ஆய்வாளர்கள் 2007இல் 11 மார்பகப் புற்று நோயாளிகளின் அளவுகளை வெளியிட்டார்கள். மருந்துக்கு இணங்கிய கட்டிகளில், ஆக்சிஜன் இழந்த இரத்தமும் நீரும் ஒரே வாரத்தில் குறைந்திருந்தன!

இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது; நம் வார்டுக்கு வரவில்லை. அதுவரை, பலனை அறியுமுன்பே பஸ் காசில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடும் ஏழைகளை உங்கள் காணிக்கை தாங்கட்டும். பதிலுக்காகக் காத்திருப்போரை உங்கள் ஜெபங்களில் நினைத்தருளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.