பிதுக்குப் பருப்பும் பக்கத்து வீடும்



மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் கோலார் தங்கவயலின் சந்தைகளில் மொச்சையின் மணம் பரவும். காயைத் தொட்ட கையிலும் அது நெடுநேரம் நிற்கும். கன்னட மக்கள் இம்மணத்திற்கென்றே 'சொகடு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மொச்சையையும் அரிசியையும் கொண்டு பலர் கூடிச் சமைத்துப் பகிர்ந்துண்ணும் ஓர் உணவைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். அதன் பெயர் பிதுக்குப் பருப்பு.

கோலார்ப் பகுதி வற்றாத ஆறு இல்லாத வறண்ட நிலம். மழையை நம்பிய உழவர்கள் கேழ்வரகின் ஊடே மொச்சையை விதைப்பார்கள். கேழ்வரகு அறுவடையான பின்னும் மொச்சை நிலத்தின் ஈரத்தை உண்டு நிற்கும். பகற்பொழுது குறுகும் காலத்தில் பூத்துக் காய்க்கும். ஆதலால் இது குளிர்காலத்தின் விருந்து. தமிழில் அவரை என்பது தோலோடு சமைக்கும் பிஞ்சுக் காய். மொச்சை என்பது உரித்தெடுக்கும் கொட்டை. கன்னடர் இந்தக் கொட்டையையே 'அவரெ' என்பர். இரண்டும் ஒரே பயிரின் வகைகள்தாம்.

இவ்வுணவை உண்ணும் மக்கள் இங்கே எப்படி ஒன்றுகூடினர்? 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் வேலை தேடி வந்தனர். அவர்களுக்கு 'லைன்' என்று இன்றும் வழங்கும் வரிசை வீடுகள் கட்டித் தரப்பட்டன. ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவர். ஒரு வீட்டில் தாளிக்கும் ஓசை மறுவீட்டில் கேட்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வரிசையில் குடியிருந்தன.

அம்மூன்று மொழியினரும் இந்தப் பருப்பை அழைக்கும் பெயரைக் கேளுங்கள். நாம் பிதுக்குப் பருப்பு என்கிறோம். தெலுங்கர் 'பிதிகி பப்பு' என்கின்றனர். கன்னடர் 'ஹிதுகித பேளெ' என்கின்றனர். நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆவதும், பல் ஹல்லு ஆவதும், புலி ஹுலி ஆவதும் நாம் அறிந்தவை. அதே முறையில் பிதுக்குதல் என்னும் வினையும் அங்கே 'ஹி' என்று தொடங்குகிறது. மூன்று வீட்டாரும் ஒரே வேரிலிருந்து எழுந்த சொல்லால் ஒரே வேலையைக் குறிக்கின்றனர். அயல்மொழி என்று நாம் அஞ்சும் மொழி நம் அடுக்களையிலேயே உறவாக இருந்திருக்கிறது!

இனிச் செய்முறையைக் காண்போம். ஆறு பேருக்கு அரைக் கிலோ உரித்த பச்சை மொச்சை போதும். அதை முதல்நாள் இரவே நீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் ஒவ்வொரு கொட்டையையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து மெல்ல அழுத்தினால், தோல் கையில் தங்கும். பருப்பு வழுக்கி வெளியே குதிக்கும். ஒருவர் மட்டும் அமர்ந்தால் இவ்வேலை அலுப்பூட்டும்; நான்கு பேர் முறத்தைச் சுற்றி அமர்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். பச்சை மொச்சை கிடைக்காத ஊரில் காய்ந்த மொச்சையையும் பயன்படுத்தலாம். ஆனால் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்றாகக் கொதிக்க வைத்து வேகவிட வேண்டும். காய்ந்த கொட்டையில் உடலுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டு. ஊறலும் கொதியும் அவற்றைப் போக்கும்.

இரண்டு மேசைக் கரண்டிப் பச்சரிசியை அரைமணி நேரம் ஊற வைத்து, அரைமூடித் தேங்காய், வறுத்த மல்லி இரண்டு மேசைக் கரண்டி, காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு ஆறு பல், சிறிது பட்டை, இரண்டு கிராம்பு ஆகியவற்றோடு விழுதாக அரைத்துக்கொள்க. எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயமும் இரண்டு தக்காளியும் வதக்கிப் பருப்பைச் சேர்த்து நீர்விட்டு வேகவிடுக. பருப்பு மலர வேண்டும், குழையக் கூடாது. பின்னர் விழுதையும் உப்பையும் இட்டு, அரிசியின் பச்சை வாடை நீங்கப் பத்து நிமிடம் கிளறிக் கொதிக்க விடுக. அரிசிதான் குழம்பை இறுக்கிக் கொடுப்பது. இதைச் சோற்றில் பிசைந்தும் உண்ணலாம். அரிசி ரொட்டியையோ கேழ்வரகுக் களியையோ தோய்த்தும் உண்ணலாம். பொதுப் பாத்திரத்தில் தோய்ப்பது நம் வழக்கமன்று, அது எச்சில். நடுவே ஒரு கரண்டியை வைத்துவிட்டால் அவரவர் தட்டில் வேண்டிய அளவு எடுத்துக்கொள்வர்.

அரிசியும் பயறும் சேர்வதில் உடல்நலமும் உண்டு. அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் சத்து குறைவு. பயற்றில் அது மிகுதி. பயற்றில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடு செய்கிறது. கூபாவிலும் பிரேசிலிலும் உழைக்கும் மக்கள் சோற்றோடு பயறு உண்பது இதே பொருத்தத்தால் அவர்களுக்கு வலிமை தருகிறது. வறிய வீட்டின் தட்டிலும் இந்நிறைவு கிட்டும்.

இவ்வளவு எளிய உணவைப் பற்றி ஏன் இத்தனை பேச வேண்டும்? 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்த ஊர், கூலியற்று நின்றது. இன்று எங்களுள் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூர் சென்று, இரவில் திரும்புகிறோம். முறத்தைச் சுற்றி அமரும் பொழுது குறைந்துவிட்டது. பிதுக்கிய பருப்பே கடையில் விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்குவதைக் குறை கூறோம், நாங்களும் வாங்குகிறோம். ஆயினும் அதை வாங்கும் நாளில் குழம்பு வருகிறது, பக்கத்து வீட்டார் வருவதில்லை. கூலி நின்ற மாதங்களில் எங்களைத் தாங்கியது சேமிப்பு மட்டுமன்று. ஒரு வீட்டு அடுப்பு எரியவில்லை என்பதை மறுவீடு அறிந்திருந்த நெருக்கமும் ஆகும். அந்நெருக்கம் இத்தகைய சிறு வேலைகளில்தான் வளர்ந்தது.

பம்பாயில் இருப்பினும், தில்லியில் இருப்பினும், உங்கள் வீட்டிற்கும் ஒரு பக்கத்து வீடு உண்டு. அவர்கள் மொழி உங்களுக்கு வராமல் இருக்கலாம். மொச்சையைப் பிதுக்க மொழி வேண்டுவதில்லை. ஆண்டிற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தோலோடு கூடிய மொச்சையை வாங்குங்கள். குழந்தைகளையும் முறத்தருகே அமர்த்துங்கள். பக்கத்து வீட்டாரை உண்பதற்கு மட்டுமன்றி, உரிப்பதற்கும் அழையுங்கள். அவர்கள் அதை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.