மூலிகை அறிவும் நம் உரிமையும்



கல்வி என்றதும் கரும்பலகையும் புத்தகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஏட்டில் ஏறாத கல்வியும் ஒன்றுண்டு. முதியோருடன் மண்ணில் நடந்து கற்பது அது. அக்கல்வி உடையவரைப் 'படிக்காதவர்' என்று உலகம் ஒதுக்குகிறது. அவர் அறிவை எடுத்துக்கொள்ள மட்டும் தயங்குவதில்லை. இதற்கு ஒரு சான்று கூறுவேன்.

கேரளத்தின் தென்பகுதியில், அகத்தியமலைக் காடுகளில், காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். நம் நெல்லை, குமரி மலைகளிலும் அவர்கள் உளர். செடிகொடிகளின் இயல்பைப் பெரியோரோடு காட்டில் நடந்தே அவர்கள் கற்றனர். 1987-இல் டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர் குழுவொன்று அம்மலை ஏறிற்று. வழிகாட்டிய காணி இளைஞர்கள் சில காய்களை மென்றவாறு களைப்பின்றி நடந்தனர். சோர்ந்துபோன ஆய்வாளர்களும் அவற்றை உண்டு புத்துணர்வு பெற்றனர். அது எச்செடி என்று வினவியபோது இளைஞர்கள் முதலில் தயங்கினர். ஏனெனில் அது குலத்தின் இரகசியம். பின்னரே காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம், அதனுடன் வேறு மூலிகைகளையும் சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கிற்று. 1995-இல் 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு உரிமைத்தொகைக்கும் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு உற்பத்தி உரிமை அளிக்கப்பட்டது. அவ்வருவாயில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. 1997-இல் அவர்கள் பெயரில் அறக்கட்டளை பதிவாயிற்று.

இது பாராட்டத்தக்கதே. எனினும், ஒப்பந்தத்தில் காணிக்காரர் ஒரு தரப்பாக இல்லை. அவர்களுள் மருத்துவம் செய்யும் முதியோர் சிலர், தங்கள் அறிவு விற்கப்பட்டதாக எதிர்ப்புத் தெரிவித்தனர். அச்செடியை வளர்த்து விற்கவும் வனத்துறையின் தடைகள் குறுக்கிட்டன. பங்கு பெற்றவர்கள் பேசும் இடத்தில் அமரவில்லை என்பதே இதில் நாம் காண வேண்டிய குறை.

இளைஞர்களே! நம் குடியிருப்புகளிலும் பிள்ளைப்பேறு பார்த்த பாட்டிமார் இருந்தனர்; எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டோர் இருந்தனர். தீண்டாமை பேசியோரும் நோய் வந்தபோது அவர்களைத் தேடி வந்ததுண்டு. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராகவே வாழ்ந்தார். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆகவே, இம்மரபு நமக்கு அந்நியமன்று.

பழமை என்பதால் மட்டும் அனைத்தையும் ஏற்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பாம்பு தீண்டினால் பச்சிலை தேடாமல், உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நச்சுமுறிவு ஊசியே உயிர் காக்கும். ஆராய்ந்து கொள்வதே கல்வி.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தை ஒட்டி, உள்ளாட்சிதோறும் மக்கள் பதிவேடு எழுத இடமுண்டு. அக்குழுவில் நம்மவரும் அமர வேண்டும். அதற்கு முன்னோடியாக, இச்சங்க நூலகத்தில் ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். முதியோரிடம் கேட்டு, செடியின் பெயர், வளரும் இடம், பயன் ஆகியவற்றை எழுதுங்கள். சொன்னவர் பெயரைத் தவறாது குறியுங்கள். அவர் இசைவின்றி எதையும் வெளியாருக்குத் தராதீர்கள்.

எழுத்தறிவு நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டது. அதனால் அவர்கள் அறிந்தவை பெயரின்றிப் போயின. இன்று எழுதுகோல் உங்கள் கையில் இருக்கிறது. அவர்கள் பெயரை எழுதுங்கள்.