கொதிக்க வைத்த குழாய்

(நூற்றாண்டு விழா வாரத்தில், உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியர் முன்னிலையில் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து நிகழ்த்திய உரை)



நாங்கள் இருவரும் இதே மண்டபத்தில், மூன்றாவது வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இப்படியான பேச்சுக்கள் எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்த்தவர்கள்தான். ஆகவே சுருக்கமாகப் பேசுவோம். ஆய்வுகூடத்தில் நாங்கள் கையாளும் ஒரு புரதத்தைப் பற்றியும், அது எங்களை மாட்டிவிட்ட ஓர் இக்கட்டைப் பற்றியும் சொல்ல விரும்புகிறோம்.

அந்தப் புரதத்தின் பெயர் இன்ரபெரோன். 1957ஆம் ஆண்டு இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லின்டன்மான் ஆகிய இருவரும், கோழி முட்டைக் கருவைச் சூழ்ந்த சவ்வின் துண்டுகளை, வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசுடன் சேர்த்து வைத்தார்கள். பின்னர் அந்தத் திரவத்தைப் புதிய சவ்வுத் துண்டுகளில் இட்டபோது, அவற்றில் உயிருள்ள வைரசு பெருகுவது தடைப்பட்டது. தாக்கப்பட்ட கலங்கள் ஏதோ ஒரு பொருளை வெளிவிட்டு அயற்கலங்களை எச்சரித்திருந்தன. வைரசின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் அப்பொருளுக்கு அந்தப் பெயர் வந்தது.

இன்ரபெரோனில் அல்பா, பீற்றா, காமா எனப் பல வகைகள் உண்டு. எங்கள் வேலை காமாவுடன். அது தின்குழியங்களைத் தட்டி எழுப்பி, உட்புகுந்த கிருமிகளைக் கொல்ல ஆயத்தப்படுத்துகிறது. ஆனால் மனிதருடைய காமா இன்ரபெரோன் சுண்டெலியின் கலங்களில் வேலை செய்யாது. சுண்டெலியினுடையது மனிதக் கலங்களில் வேலை செய்யாது. இரண்டிலும் அமினோ அமில வரிசை ஏறத்தாழ 40 சதவீதமே ஒத்திருக்கிறது. ஆகவே சுண்டெலிக் கலங்களில் ஆராய்பவருக்குச் சுண்டெலியின் இன்ரபெரோனே வேண்டும்.

அதைச் சுண்டெலிகளிலிருந்து சேர்ப்பதானால் மிகச் சொற்பமே கிடைக்கும். 1980களின் தொடக்கத்தில் அதன் பரம்பரையலகு பிரித்தெடுக்கப்பட்டபின் வழி பிறந்தது. அந்தப் பரம்பரையலகை ஈ. கோலை பற்றீரியாவினுள் புகுத்தி, பற்றீரியாவைப் பெருக்கி, அது ஆக்கும் புரதத்தைச் சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்தி, சின்னஞ்சிறு குப்பிகளில் விற்கிறார்கள். ஒரு குப்பியில் 100 மைக்குரோகிராம் இருந்தால் அது எங்களுக்குப் பெருஞ்செல்வம். கரைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து, −80 பாகை செல்சியசில் வைப்போம். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் புரதம் கெட்டுவிடும்.

இனி எங்கள் கதை. வெளிநாட்டில் ஒரே ஆய்வுகூடத்தில் இருவரும் பட்டப்பின்படிப்பு மாணவிகளாக இருந்த காலம். சுண்டெலியின் தின்குழியங்களுக்கு இன்ரபெரோன் கொடுத்து, அவை வெளிவிடும் நைத்திரிக் ஒட்சைட்டை அளந்தோம். அளவு கூடினால் பரிசோதனைத் திரவம் இளஞ்சிவப்பாகும். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் அருமையான இளஞ்சிவப்பு! எட்டு மாத வேலை. கட்டுரையின் முதல் வரைவு ஆயத்தம். உதவிப்பணம் முடிய ஐந்து மாதங்களே இருந்தன.

ஒருநாள் இரவு வரைவைத் திருத்திக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருத்தி திடீரென்று, "கொதிக்க வைச்ச குழாய் எங்கை?" என்றாள். மற்றவளுக்குச் சிரிப்பு வந்தது. அது எங்கள் உயிரியல் ரீச்சரின் குரல். உமிழ்நீர் அமிலேசு மாப்பொருளைச் சமிபாடடையச் செய்யும் பரிசோதனை உங்களுக்கும் தெரியும். அயடீன் நீலமாகவில்லை என்று நாங்கள் துள்ளிக் குதித்தபோது ரீச்சர் கேட்டது அதைத்தான். கொதிக்க வைத்த உமிழ்நீருடன் இரண்டாவது குழாய் வைக்காதவர்களின் கொப்பியில் அவர் கையெழுத்து வைக்கமாட்டார்.

அடுத்த நாள் இன்ரபெரோனில் ஒரு பங்கை நன்றாகச் சூடாக்கிக் கலங்களுக்குக் கொடுத்தோம. சூட்டில் புரதம் செயலிழக்க வேண்டும், நிறம் வரக்கூடாது. ஆனால் அதே இளஞ்சிவப்பு வந்தது.

காரணம் இதுதான். ஈ. கோலையின் புறச்சவ்வில் எண்டோரொக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது சூட்டுக்கு அசையாது. மிகச் சிறிதளவே போதும், தின்குழியங்களைத் தூண்டிவிடும். சுத்திகரிப்பில் முழுதாக நீங்காமல் அது எங்கள் குப்பியில் தங்கியிருந்தது. எட்டு மாதமாக நாங்கள் இன்ரபெரோன் என்று எழுதியதில் பெரும்பங்கு பற்றீரியாவின் மிச்சம்.

தங்கைகளே, அந்த இரவு நாங்கள் உறங்கவில்லை. வேறு எவரும் அந்தக் குழாயைக் கேட்கவில்லை. இனிக் கேட்பார்கள் என்பதற்கும் அறிகுறி இல்லை. பேசாமல் இருந்திருந்தால் கட்டுரை வெளிவந்திருக்கும். ஒருத்தி அழுதாள். ஊரில் அம்மாவுக்கு என்ன சொல்வது என்று மற்றவள் யோசித்தாள். காலையில் இருவரும் சேர்ந்தே பேராசிரியரின் கதவைத் தட்டினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு வரைவை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

எண்டோரொக்சின் அளவு சோதிக்கப்பட்ட புதிய குப்பியுடன் மீண்டும் தொடங்கினோம். உதவிப்பணம் முடிந்தபின் மாலையில் ஒரு கடையில் மாறி மாறி வேலை செய்தோம். புதிய முடிவு பழையதைவிட மிகச் சிறியது. கட்டுரையும் சிறியது, இரண்டு வருடம் பிந்தியது. ஆனால் அதில் ஒவ்வொரு வரைபடத்திலும் சூடாக்கிய மாதிரிக்கு ஒரு நிரல் இருக்கிறது.

அந்தக் கட்டுரையின் பிரதி ஒன்றை ரீச்சருக்கு அனுப்ப எண்ணினோம். விலாசம் விசாரித்தபோதுதான் அவர் காலமாகிவிட்டார் என்று அறிந்தோம். ஆகவே அந்தப் பிரதியை இன்று கல்லூரி நூலகத்துக்குக் கையளிக்கிறோம்.

நாளை உங்களுக்குச் செய்முறைப் பாடம் இருப்பதாக அறிந்தோம். இரண்டாவது குழாயையும் வையுங்கள், பிள்ளைகள்.